தவக்காலத்தில் ஒரு புது பிளேடு

"கையை நீட்டுங்க அண்ணே" என்றாள் கௌசலா.

ரெங்கசாமி நீட்டவில்லை. இந்த அம்மாள் கையை நீட்டச் சொல்லி அவர் நீட்டிய ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு வில்லங்கம் வந்து சேர்ந்திருக்கிறது. போன மாதம் செலாயாங் மொத்தச் சந்தையில் ஒரு கூடைக்குள் கையை விடச் சொன்னாள். உள்ளே நண்டு இருந்தது, உயிரோடு.

"எந்தக் கை பாஸ்?"

"எதுவா இருந்தாலும் சரி. முடி இருக்கணும்."

"தலையில இல்லாததெல்லாம் கையிலதான் இருக்கு" என்று முனகிக்கொண்டே இடது கையை நீட்டினார்.

அவர்கள் நின்றுகொண்டிருந்தது கிரிகரி என்பவருடைய குளியலறை. பிரிக்ஃபீல்ட்ஸில் இன்னும் இடிபடாமல் தப்பித்திருக்கும் பழைய வரிசை வீடுகளில் ஒன்று. அந்தக் குளியலறையில் ஒருவர் மூச்சு விட்டால் இன்னொருவர் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஆளான ஷார்மைன் வாசற்படியில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிரிகரியின் ஒரே மகள் அவள்தான். கௌசலாவுக்குக் கேஸ் கொடுத்தவளும் அவள்தான்.

கௌசலாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாற்பத்தைந்து வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைத் தோண்டி எடுக்கும் வேலை பார்த்தாள். தோண்டியதில் ஒன்று மேனேஜருடைய மைத்துனர் காலடியில் போய் முடிந்தது. அதோடு வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் தனியார் துப்பறிவாளர் என்று பலகை மாட்டினாள். ரெங்கசாமி முன்பு போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். இப்போது அவளுடைய மைவி காரையும் தன்னுடைய வாயையும் ஓட்டுகிறார். சம்பளம் காருக்கு மட்டும்தான்.

கௌசலா கண்ணாடிக்குக் கீழிருந்த ரேசரை எடுத்தாள். பழைய காலத்து ரேசர். தலையைத் திருகிக் கழற்றி, நடுவில் பிளேடு வைத்து, மறுபடி திருகுகிற சாமான். கைப்பிடியில் முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தது. சுடுதண்ணீரில் கழுவி ரெங்கசாமியின் கையில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள்.

சத்தமே இல்லை. கையில் ஒரு விரல் அகலத்துக்கு நடைபாதை விழுந்துவிட்டது.

"வலிச்சுதா?"

"பிளேடு பட்டதே தெரியல. மனசுதான் வலிக்குது. இந்தக் கையோட நான் எப்படி வெளியில போறது?"

"புது பிளேடு. ஒரு தடவைக்கு மேல போட்டிருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு கௌசலா ஷார்மைன் பக்கம் திரும்பினாள். "உங்க டாடி எப்பப்ப பிளேடு மாத்துவாரு?"

ஷார்மைனுக்கு முகம் வெளிறிப் போய்விட்டது. "அது புது பிளேடா இருக்க முடியாது அக்கா."

"ஏன்?"

"இது தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் டாடி பிளேடு மாத்த மாட்டாரு."

ரெங்கசாமி முருக பக்தர். தைப்பூசத்துக்குத் தாடி வளர்ப்பதைப் பார்த்திருக்கிறார், மொட்டை போடுவதைப் பார்த்திருக்கிறார், தானே போட்டிருக்கிறார். பிளேடுக்கு விரதம் என்பதை இன்றுதான் கேள்விப்படுகிறார். "புரியலையேம்மா. சாமிக்கும் பிளேடுக்கும் என்ன சம்பந்தம்?"

ஷார்மைன் சொன்னாள். தவக்காலத்தில் ஆளாளுக்குப் பிடித்த ஒன்றை விட வேண்டும். சிலர் இறைச்சியை விடுவார்கள், சிலர் பீரை விடுவார்கள். கிரிகரிக்கு இறைச்சியை டாக்டர் ஏற்கெனவே நிறுத்திவிட்டார். குடிப்பழக்கம் கிடையாது, சிகரெட் கிடையாது, டிவி சீரியலும் பார்ப்பதில்லை. விடுவதற்கு ஒன்றுமே இல்லாத நல்ல மனுஷன் பாடு திண்டாட்டம்தான். யோசித்து யோசித்துக் கடைசியில் புது பிளேடை விட்டார். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று போட்ட பிளேடுதான் ஈஸ்டர் வரைக்கும். மூன்றாவது வாரத்திலேயே கன்னம் இரண்டும் கன்னிப் போகும். ஐந்தாவது வாரத்தில் தாடையில் அங்கங்கே காகிதத் துண்டை ஒட்டிக்கொண்டு பூசைக்கு வருவார். ஃபாதரே ஒருமுறை கூப்பிட்டு, ஆண்டவர் இதைக் கேட்கவில்லை கிரிகரி என்று சொல்லிப் பார்த்தார். இவர் கேட்கவில்லை.

"அம்மா செத்த வருஷம்கூட மாத்தல அக்கா. அந்த ரேசரே அம்மா வாங்கிக் குடுத்ததுதான், கல்யாணத்துக்கு. மார்க்கிரட் இருந்தாலும் மாத்தச் சொல்லமாட்டான்னு சொல்வாரு." ஷார்மைன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இங்க வந்து ஷேவ் பண்ணினது டாடி இல்ல. வேற யாரோ ஆம்பளை."

மூவரும் அந்த ரேசரையே பார்த்தார்கள். அது நல்லபிள்ளை மாதிரி கௌசலாவின் கையில் கிடந்தது.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை கிரிகரியிடமிருந்து மகளுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. ‘ரிட்ரீட்டுக்குப் போறேம்மா, தியானம். போனை ஆஃப் பண்ணிடுவேன். தேடாதே.’ அதோடு போன் அணைந்தது. அவர் இருக்குமிடத்தைக் காட்டும் செயலி ஒன்றை மகள் அவருடைய போனில் போட்டு வைத்திருந்தாள். அது கடைசியாகக் காட்டியது இந்த வீட்டைத்தான். ஷார்மைன் தியான இல்லம் ஒன்று விடாமல் கூப்பிட்டுக் கேட்டுவிட்டாள். எங்கேயும் கிரிகரி என்று யாரும் வரவில்லை. இன்று புதன்.

அவளுக்கு ஒரே ஒரு பயம். போலீஸ் மாதிரி பேசி வயதானவர்களை மிரட்டும் கூட்டம் ஒன்று ஊருக்குள் உலவுகிறது. உங்கள் பேரில் கேஸ் இருக்கிறது, போனை அணைத்துவிட்டு நாங்கள் சொல்லும் இடத்தில் போய் இருங்கள், மகளிடம்கூட மூச்சு விடாதீர்கள் என்பார்கள். பெரியவர்களும் அவர்களாகவே நடந்து போய் மாட்டிக்கொள்வார்கள். நிஜப் போலீஸிடம் போனாள். "அங்கிள் சொல்லிட்டுத்தானேமா போயிருக்காரு, வெயிட் பண்ணுங்க" என்றார்கள். நேற்று அவர்களே கூப்பிட்டார்கள். பெரியாஸ்பத்திரியில் அடையாளம் தெரியாத ஒரு பெரியவர் உடல் இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அது கிரிகரி இல்லை. அங்கிருந்து நேராகக் கௌசலாவின் மாடிப்படி ஏறியவள்தான், இன்னும் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

"இந்த வீட்டுச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?" என்று கௌசலா கேட்டாள்.

"ஜோனத்தன்கிட்ட. என் கசின், அத்தை பையன். கிள்ளான்ல டயர் கடை வச்சிருக்கான். போலீஸுக்குப் போகாதே, அவசரப்படாதே, ரிலாக்ஸ் லான்னு சொன்னதும் அவன்தான்."

ரெங்கசாமி கௌசலாவை அர்த்தத்தோடு பார்த்தார். கௌசலா அவரைப் பார்க்கவில்லை. கிரிகரி தன் இதய மாத்திரைகளை வைப்பதாக ஷார்மைன் சொல்லியிருந்த அலமாரியைத் திறந்து பார்த்தாள். உள்ளே மாத்திரை டப்பா இல்லை. கதவை மூடிவிட்டு, "நீங்க உங்க சுபாங் ஜெயா வீட்டுக்குப் போய் ஏதாவது சாப்பிடுங்க. போனைக் கையிலேயே வச்சிருங்க" என்றாள்.

மைவி ஃபெடரல் ஹைவேயில் ஏறியதுதான் தாமதம், ரெங்கசாமி கேஸை முடித்துவைக்க ஆரம்பித்தார்.

"ஜோனத்தன்தான் பாஸ். இதுல சந்தேகமே வேணாம். கிழவரை எங்கேயோ அடைச்சு வச்சுட்டு வீட்டுக்கு வந்திருக்கான். ரெண்டு நாளாத் தூக்கமில்ல, முகம் கரடி மாதிரி ஆயிடுச்சு. ஷேவ் பண்ணலாம்னு ரேசரை எடுத்து வச்சா, தவக்கால பிளேடு. ஒரு இழுப்புலயே அப்பா அம்மாவெல்லாம் ஞாபகம் வந்திருக்கும். அவனுக்கு விரதம் கிரதம் தெரியாது. புது பிளேடை எடுத்துப் போட்டுட்டான். மாட்டிக்கிட்டான்."

"கடத்தல்காரன், கடத்தின ஆளோட வீட்டுக்கே வந்து ஷேவ் பண்றான்."

"சுத்தமான கடத்தல்காரனா இருக்கக்கூடாதா?"

"ரேசரை ஏன் விட்டுட்டுப் போனாரு அண்ணே?"

"யாரு?"

"கிரிகரி. மாத்திரை டப்பாவை மறக்காம எடுத்துக்கிட்டவரு, முகம் கிழிஞ்சாலும் தினம் ஷேவ் பண்றவரு, ரேசரை மட்டும் ஏன் விட்டுட்டுப் போகணும்?"

"அவசரம்" என்றார் ரெங்கசாமி.

கௌசலா ம் கொட்டினாள். அவள் ம் கொட்டினால் ரெங்கசாமியின் விடை தப்பு என்று அர்த்தம். இந்த விஷயத்தில் அவருக்கு நல்ல அனுபவம் உண்டு. ஆனாலும் இந்த முறை அவர் அசைவதாக இல்லை. ஜோனத்தனுடைய வழுவழுப்பான தாடையைப் பார்த்த கணமே சட்டையைப் பிடித்துவிடுவது என்று சுபாங் தாண்டும்போதே முடிவு கட்டிவிட்டார்.

கிள்ளானில் டயர் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அடுக்கிவைத்த லோரி டயர்களுக்கு நடுவில் ஒருவன் குனிந்து காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"ஜோனத்தன்?" என்று ரெங்கசாமி அதட்டினார்.

அவன் நிமிர்ந்தான். ரெங்கசாமியின் கேஸ் அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

தாடி. சாதாரணத் தாடி இல்லை. காதோரத்தில் புறப்பட்டு நெஞ்சுவரை வந்து, நுனியில் ரப்பர் வளையம் போட்டு முடிச்சுப் போட்டிருந்த தாடி. பிளேடு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே அந்த முகம் மறந்து பல வருஷம் ஆகியிருக்கும்.

"இந்தத் தாடி போன ஞாயிற்றுக்கிழமையும் இருந்துச்சா தம்பி?" என்று ரெங்கசாமி பரிதாபமாகக் கேட்டார்.

"என்னண்ணே கேக்கறீங்க? ஸ்கூல் முடிச்சதிலேர்ந்து இருக்கு."

கௌசலா சிரித்ததாகத் தெரியவில்லை. கையிலிருந்த அட்டையைக் கொடுத்தாள். "ஷார்மைன் அனுப்பினாங்க. உங்க கிரிகரி அங்கிள் விஷயமா."

அவன் காற்றுக்குழாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் கை மாற்றிக்கொண்டான். "அங்கிள் ரிட்ரீட் போயிருக்காரு லா. எனக்கு அவ்ளோதான் தெரியும்."

"அப்படியா. கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"சைனீஸ் நியூ இயர்ல."

"அதுக்கப்புறம் பார்க்கவே இல்ல?"

"இல்லவே இல்ல."

"பாவம்" என்றாள் கௌசலா. குரலில் நிஜமாகவே பாவம் இருந்தது. "அவரோட ஹார்ட் மாத்திரையெல்லாம் வீட்லயே கிடக்கு. இத்தனை நாளா மாத்திரை இல்லாம அந்த மனுஷன் எந்த நிலைமையில இருக்காரோ."

"அதெல்லாம் இல்ல, டப்பாவைச் சட்டைப் பையிலதான் வச்சிருந்தாரு, நானே பார்த்…"

சொல்லிவிட்டு ஜோனத்தன் வாயை மூடினான். தாடி மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

ரெங்கசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு டயர் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டார். "சொல்லு தம்பி. சைனீஸ் நியூ இயருக்கு அப்புறம் பார்க்காத ஆளோட சட்டைப் பையில என்ன இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தியமா நான் ஒண்ணும் செய்யலண்ணே. அங்கிள் சாமி படத்துக்கு முன்னாடி சத்தியம் வாங்கிட்டாரு, ஷார்மைன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு."

"ஷார்மைன் நேத்து ஒரு பொணத்தைப் பார்த்துட்டு வந்தாங்க" என்றாள் கௌசலா. "அவங்க அப்பாவான்னு அடையாளம் சொல்ல."

ஜோனத்தன் காற்றுக்குழாயைக் கீழே போட்டான். அதற்கு மேல் அவனிடம் எதையும் கறக்க வேண்டியிருக்கவில்லை. செத்துப்போன அவன் அம்மாவின் சக்கர நாற்காலி கடையின் பின்பக்கம் சும்மா கிடந்ததாம். அங்கிள் அதைக் கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை லோரியை எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் போய், அங்கிளையும் ஏற்றிக்கொண்டு, பண்டமாரானில் நீலக் கேட் போட்ட ஒரு வீட்டு வாசலில் நாற்காலியோடு இறக்கிவிட்டானாம். யாருக்கு என்று கேட்கக்கூடாது என்றாராம், இவன் கேட்கவில்லையாம்.

"நல்ல மருமகன்" என்றார் ரெங்கசாமி. "அவருக்குக் கால்ல அடி கிடி பட்டிருந்துச்சா? யாராவது மிரட்டின மாதிரி இருந்தாரா?"

"இல்லண்ணே. லோரியில ஏறி உக்காந்ததும் பாட்டுப் பாடினாரு. புதுச் சட்டை வேற. சென்ட் வாசம் தூக்கிச்சு, லோரி இன்னும் கல்யாண வீடு மாதிரி மணக்குது."

கௌசலா ஏற்கெனவே காரை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

கிள்ளானிலிருந்து பண்டமாரானுக்குப் போகிற சாலையில் கண்டெய்னர் லோரிகள் வரிசை கட்டி நின்றன. ரெங்கசாமிக்கு அது பழைய உறவினர் வீடு மாதிரி. ஆனால் மனம் அதில் போகவில்லை. ஒரு கிழவர், ஒரு சக்கர நாற்காலி, ஒரு புது பிளேடு. மூன்றையும் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் ஒட்டவில்லை.

"நீங்க எப்ப பிளேடு மாத்துவீங்க அண்ணே?" என்று கௌசலா திடீரென்று கேட்டாள்.

"நானா? இழுக்க ஆரம்பிச்சா மாத்துவேன். ரத்தம் வந்தா கண்டிப்பா மாத்துவேன். சில சமயம் ரத்தம் வந்த பிறகும் ஒரு வாரம் ஓட்டுவேன், பிளேடு மேல பாவப்பட்டு."

"வீட்ல அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா? கன்னம் குத்துதுன்னு?"

"கல்யாணம் ஆன புதுசுல சொன்னா. அப்பெல்லாம் இழுக்கறதுக்கு முன்னாடியே மாத்திடுவேன். இப்ப அவ பக்கத்துலயே வர்றதில்ல, அதனால…"

ரெங்கசாமி பாதியில் நிறுத்தினார். பின்னாலிருந்த லோரி ஹாரன் அடித்தது. அவருக்குக் காதில் விழவில்லை.

"தொட்டுட்டீங்க" என்றாள் கௌசலா. "தன் முகத்துக்காக மாத்துற ஆம்பளை, இழுத்தா மாத்துவான். அடுத்தவங்க முகத்துக்காக மாத்துறவன் அதுவரைக்கும் காத்திருக்க மாட்டான். கடவுளுக்கு வச்ச பிளேடை எடுத்துட்டு அந்த மனுஷன் புதுசு போட்டிருக்காருன்னா, அவர் கன்னம் வேற ஒரு கன்னத்துல படப்போகுது."

"பொம்பளையா?" ரெங்கசாமி வாயைப் பிளந்தார். "அறுபத்தெட்டு வயசுலயா?"

"கன்னத்துக்கு வயசு தெரியுமா?"

"அப்ப ரேசரை ஏன் விட்டுட்டுப் போனாரு? அங்க போய் ஷேவ் பண்ண வேணாமா?"

"அது மார்க்கிரட் குடுத்தது. பெண்டாட்டி வாங்கிக் குடுத்த ரேசரை இன்னொருத்தி வீட்டுக் குளியலறையில கொண்டு போய் வைக்க அவருக்கு மனசு வரல. அங்க வேற ஒண்ணு வாங்கிக்குவாரு."

 பார்க்காத அந்தக் கிழவர் மேல் ரெங்கசாமிக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

நீலக் கேட்டைத் திறந்தவர் கிரிகரியேதான். இடுப்பில் பூப்போட்ட ஏப்ரன். சன்னமான மீசை. கன்னங்கள் பளிச்சென்று இருந்தன, தாடையில் பழைய காயங்கள் ஆறி வந்துகொண்டிருந்தன. கௌசலா தான் யார் என்று சொன்னதும் அவர் கதவைச் சாத்தப் பார்த்தார். ரெங்கசாமியின் செருப்பு முந்திக்கொண்டது.

கூடத்தில் சக்கர நாற்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வலது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. அறுபதைத் தாண்டிய வயது, குட்டையாக வெட்டிய நரைமுடி, எதற்கும் அசராத கண்கள். "உள்ள விடுங்க கிரிகரி. வாசல்ல நின்னு என்ன பேச்சு?" என்றார். அவர் பெயர் டோரிஸ். முன்பு பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தவர், கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்த டீச்சர். கணவர் இறந்தபின் பண்டமாரானுக்கு வந்துவிட்டார். போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

"நான் வந்து பார்த்துக்கறேன்" என்றார் கிரிகரி தரையைப் பார்த்தபடி. "நான் கூடத்துல படுத்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க."

"நாங்க பிளேடைப் பத்தி மட்டும்தான் தப்பா நினைச்சோம் அங்கிள்" என்றார் ரெங்கசாமி.

டோரிஸ் பெரிதாகச் சிரித்தார். "அது என் வேலைதான். ஆஸ்பத்திரியில கட்டில்லேர்ந்து என்னைத் தூக்கி உக்கார வச்சாரு. கன்னம் உரசிச்சு. தேங்காய்த் துருவிதான் போங்க. நர்ஸ் வந்து, ஆன்டி விழுந்ததுல முகத்துலயும் அடியான்னு மருந்து போட்டா. இன்னொரு தடவை இந்த மூஞ்சியோட என்னைத் தூக்க வந்தா நான் தரையிலேயே கிடக்கறேன்னு சொல்லிட்டேன்."

"ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்" என்று கிரிகரி இன்னும் தணிந்த குரலில் சொன்னார். "தவக்காலத்துல கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது இல்லையா. அதான் ஷார்மைன்கிட்ட சொல்லல. ஈஸ்டர் சாப்பாட்டுல சொல்லலாம்னு."

"பிளேடு மாத்தலாம், பொய் சொல்லலாம், போனை அணைக்கலாம். பேச்சு மட்டும் எடுக்கக்கூடாது" என்று ரெங்கசாமி அடுக்கினார்.

"முதல் நாளே சொல்லச் சொன்னேன்" என்றார் டோரிஸ். "பயம். அவ அம்மா இடத்துல இன்னொருத்தியான்னு கேட்டுட்டா என்ன பண்றதுன்னு பயம்."

 கௌசலாவுடைய அப்பா அம்மா யாழ்ப்பாணத்துக்காரர்கள். வெளியில் அவள் எல்லாரையும் போலத்தான் பேசுவாள். கோபம் தலைக்கேறினால் மட்டும் வீட்டுத் தமிழ் வந்துவிடும். இப்போது வந்தது.

"உங்கட மகள் நேற்றுப் பிணவறையில நிண்டவா. தெரியுமோ?"

கிரிகரி நிமிர்ந்தார்.

"ஆரோ ஒரு பெரியவற்ற உடல். உங்கட அப்பாவோ எண்டு வந்து பாருங்கோ எண்டு கூப்பிட்டவை. துணையில்லாமல் போய்த் துணியை விலக்கிப் பாத்திட்டு வந்தவா. நீங்கள் இங்க ஏப்ரன் கட்டிக்கொண்டு நிக்கிறியள்."

அந்த மனிதரின் முகம் கோணிப்போனது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் யாரும் சொல்லாமலே அலமாரியிலிருந்து போனை எடுத்து அழுத்தினார். உயிர் வந்ததும் அது துடிக்க ஆரம்பித்தது. தவறிய அழைப்புகள், செய்திகள், மறுபடி அழைப்புகள். கடைசியாக வந்திருந்த குரல் செய்தியைத் தொட்டார். ‘டாடி, எங்க இருந்தாலும் பரவால்ல. என்ன செஞ்சிருந்தாலும் பரவால்ல. நான் திட்ட மாட்டேன். ஒரு தடவை பேசுங்க போதும்.’

கிரிகரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். டோரிஸ் நாற்காலியை உருட்டி வந்து அவர் கையைப் பிடித்தார்.

"நான் இப்பவே அவளைக் கூப்பிடறேன்" என்றார் கிரிகரி.

"தேவையில்ல" என்று கௌசலா தன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கோபம் இறங்கிவிட்டிருந்தது. "நீங்க போனைத் திறந்ததுமே அவங்களுக்கு இடம் காட்டிடுச்சு. கிளம்பிட்டாங்க."

ஷார்மைன் காரை நேராகக்கூட நிறுத்தவில்லை. கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து அப்பாவின் முன்னால் நின்றாள். கட்டிப்பிடிக்கவில்லை. தலை, கை, கால், எல்லாம் இருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிரும்மா" என்றார் அவர். "மன்னிச்சிரு."

"செத்துட்டீங்கன்னு நினைச்சேன் டாடி."

அப்புறம்தான் அவள் சக்கர நாற்காலியைப் பார்த்தாள். "டீச்சர்?"

"வாம்மா ஷார்மைன். எழுந்திரிக்க முடியல" என்றார் டோரிஸ். அந்த அசராத கண்கள் முதல்முறையாகத் தாழ்ந்தன.

கிரிகரி திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரி, மாவுக்கட்டு, ஈஸ்டர், கல்யாணம். ஷார்மைன் டோரிஸைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.  ரெங்கசாமிக்கு ஒரு ஜோக் வாய்வரை வந்தது. நல்ல ஜோக். கௌசலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டார்.

சமையலறையில் ஏதோ பொங்கி அடுப்பில் சுர்ரென்று வழிந்தது. கிரிகரி ஓடினார். தீயைக் குறைத்தார், புளித்தண்ணீரைக் கையாலேயே அளந்து ஊற்றினார், கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினார், ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து உப்புப் போட்டார். கருவாட்டுக் குழம்பின் வாசம் வீட்டைத் தூக்கியது. எல்லாம் பழகிய கையின் வேலை.

ஷார்மைன் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை யார் வச்சது?"

"நான்தாம்மா."

"நீங்களா?" அவள் குரல் எழும்பவில்லை. "உங்களுக்கு அடுப்பே பத்த வைக்கத் தெரியாதே. முட்டை அவிக்கத் தெரியாதுன்னு சொன்னீங்க. டீக்கு எத்தனை கரண்டி சீனின்னு எனக்குப் போன் போட்டுக் கேட்டீங்க. அம்மா போனதிலேர்ந்து வாரா வாரம் நான் சுபாங் ஜெயாலேர்ந்து குழம்பு வச்சுத் தூக்கிட்டு வர்றேன். மழையில, ஜாம்ல, காய்ச்சலோடகூட வந்திருக்கேன்."

கிரிகரி கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். கல்யாணத்தைச் சொன்னபோதுகூட இவ்வளவு வெட்கப்படவில்லை.

"சமைக்கத் தெரியும்னு சொல்லியிருந்தா நீ வாரா வாரம் வந்திருப்பியாம்மா?"

ஷார்மைன் கதவில் சாய்ந்துகொண்டு அழுதாள். இத்தனை நாளும் பயத்தில் அழுதவள், இப்போது வேறு மாதிரி அழுதாள். டோரிஸ் கூப்பிட வாயெடுத்தார், கௌசலா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கிரிகரி குழம்பையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் ஷார்மைன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அலமாரியைத் திறந்து தட்டுகளைத் தேடி எடுத்தாள்.

"இனிமே ஞாயிற்றுக்கிழமை நீங்கதான் சமைக்கிறீங்க டாடி" என்றாள். "டீச்சரும் நானும் உக்காந்து சாப்பிடுவோம். அப்பவும் நான் வருவேன்."